சீல் பிரிக்காத டிங்கிலி

நாலு மணிக்குள் வேண்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் மனுஷனுக்கு நாக்கு வறண்டுபோகிறது. சிங்காரவேலு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடபழனியில் பழைய காம்ப்ளெக்ஸ் ஒன்றின் மாடியில் இருக்கிற கடை, ஆள் திரும்பினால் தோள் இடிக்கும், சுவர் முழுக்கப் பழைய சிடியும் பொம்மையும் காமிக்ஸும். கடைக்காரன் பிரசன்னா கீழே பார்சல்காரன் வந்திருக்கிறான் என்று இறங்கிப் போயிருந்தான். முப்பத்தெட்டு வயசிருக்கும், பேச்சில் மரியாதை உள்ள ஆள். "யோசிச்சு வைங்க சார், அவசரமே இல்ல, ஆனா பெங்களூர்க்காரர் ஒருத்தர் இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு, நாலு மணிக்குக் கூப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவசரமில்லையாம், நாலு மணியாம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். கடிகாரத்தில் மூன்று பத்து. மாடிப்படி ஏறியதில் முழங்கால் இன்னும் விண்விண் என்று தெறித்தது. இந்தக் காலுக்கு இனிமேல் படி ஆகாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது, படி இல்லாத இடத்தில் எவன் கடை வைத்திருக்கிறான். முப்பத்திரண்டு வருஷம் ஈ.பி.யில் ரீடிங் எடுத்து ஏறின படிகளை அடுக்கினால் எங்கே போய் நிற்குமோ, அந்தப் படிகளெல்லாம் இப்போது முழங்காலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அவர் பெட்டியைத் திருப்பினார். பின்பக்கத்தைப் பன்னிரண்டாவது தடவையாகப் படித்தார்.

பன்னிரண்டு டிஸ்க், ஐம்பத்திரண்டு கதை, வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம், துணியில் தைத்த ஒரு அணில்வால். எதற்கு வால்? அணிலை விட்டுவிட்டு வாலை மட்டும் கொடுக்கிறான். மூடியில் அந்தக் காலத்து டிவி பொம்மைப்படத்து டிங்கிலி, கழுத்தில் சிவப்புக் கம்பளித் துணி, முன்பல் இரண்டும் வெளியே, கையில் ஏதோ கொட்டை. பனி கொட்டுகிற ஏதோ தேசத்தில் எவனோ வரைந்த அணில், முதுகில் மூன்று கோடு கூடக் கிடையாது, நம் ஊர்ப் பிள்ளைகள் அதை அணில் என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். வரைந்தவன் பேர் போட்டிருந்தது. இசை அமைத்தவன் பேர், கதை எழுதினவன் பேர், பழைய படத்தை அழுக்கெடுத்துச் சுத்தம் செய்தவர்கள் பேர், பெட்டியை வடிவமைத்தவன் பேர் கூட இருந்தது. அடியில் எறும்பு எழுத்தில், மொழிகள்: தமிழ், தெலுங்கு, இந்தி. யார் பேசியது என்று இல்லை. இருக்காது. என்றைக்குப் போட்டான் இன்றைக்குப் போட. டப்பிங் பேசுகிறவள் குரலைக் கொடுத்துவிட்டு, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்க வேண்டியதுதான். அவர் பெண்டாட்டி கஸ்தூரி இருபது வருஷம் அப்படித்தான் வந்தாள், பொடிப் பயல்களுக்கும் பேசினாள், பொம்மைக்கும் பேசினாள், பல்பொடிக்கும் பேசினாள். டிங்கிலிக்கும் பேசினாள். ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருக்கிற டிங்கிலி அவள் பேசின டிங்கிலியா? அதுதான் கேள்வி. அதற்குத்தான் இந்தப் படி, இந்த ஸ்டூல், இந்த வறண்ட நாக்கு. பழைய டேப்பையெல்லாம் எப்போதோ அழித்துவிட்டார்கள், டிஸ்க்குக்காகப் புதுசாக ஆள் வைத்துப் பேசவைத்தார்கள் என்று ஒருத்தர் சொன்னார். இல்லையில்லை, பழசேதான் என்று இன்னொருத்தர் சொன்னார். மகள் தேன்மொழி நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல எதுவுமே இல்லப்பா, விட்டுடுங்களேன்" என்றாள். பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிரிக்கக் கூடாது. மேலே சுற்றியிருக்கிற இந்தக் கண்ணாடித்தாள் கிழிந்தால் மதிப்பு போய்விடுமாம், சேர்த்து வைக்கிறவர்கள் யாரும் பிரிக்கவே மாட்டார்களாம், அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். பார்க்காத படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. நல்ல பிழைப்பு.

அரை மாசப் பென்ஷன் போகும், போகட்டும், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, தனி ஆளுக்கு என்ன செலவு. வீட்டில் அவள் படம் இருக்கிறது, மாலை போட்டது ஒன்று, மாலை போடாதது நாலு. புடவை இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது, ஒரு கால் உடைந்து நூல் சுற்றியது. குரல் மட்டும் இல்லை. குரலை வைத்துச் சோறு சாப்பிட்ட வீட்டில் ஒரு துண்டுக் குரல் இல்லை என்றால் எவனாவது நம்புவானா. செல்போனைத் தூக்கிப் பிடித்து "அம்மா, ஏதாவது பேசேன்" என்று மகள் கேட்டால், "காசு வாங்கிக்கிட்டுப் பேசினது போதும்டி, வீட்லயாவது சும்மா இருக்க விடு" என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த வீடியோவில் கையும் கதவும்தான் இருக்கும். அப்புறம் தொண்டையில் கட்டி வந்தது. கடைசி எட்டு மாசம் வாயிலிருந்து காற்றுதான் வந்தது, தண்ணி என்றால் த கூடக் கேட்காது, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் போய் நாலு வருஷமாகிறது, இப்போது அவளை நினைத்தால் அந்தக் காற்றுதான் காதில் விழுகிறது. அதற்கு முந்தின முப்பத்தொரு வருஷக் குரலை அந்த எட்டு மாசம் வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. முயன்று பார்க்கிறார். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது முயன்று பார்க்கிறார். இப்படிச் சொல்வாள், அப்படிச் சொல்வாள் என்று வார்த்தை வருகிறது, வார்த்தை அத்தனையும் வருகிறது, எல்லாம் அவருடைய குரலிலேயே வருகிறது. இதை யாரிடம் சொல்ல முடியும், பெண்டாட்டி குரல் மறந்துபோச்சு என்று. காறித் துப்ப மாட்டார்களா.

மூன்று இருபத்தைந்து. கீழே பிரசன்னா யாரிடமோ டேப் ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்றது, இரண்டு சுற்றுக்கு ஒன்றோ. ஸ்டுடியோவில் விசிறியே போட மாட்டார்கள், சத்தம் ஏறிவிடுமாம். சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடி, ஜன்னலெல்லாம் அடைத்துக் கோணி அடித்த அறை, டேக் போகும்போது ஏ.சி.யையும் நிறுத்திவிடுவார்கள், உள்ளே போனால் இட்லிக் கொப்பரைதான். அவர் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கத்தான் போனார். பத்தொன்பதாவது கதை. ஆட்டுத்தாத்தாவுக்குப் பேசுகிறவருக்கு அம்மைக்கட்டு, கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்குள் டேப் போயாக வேண்டும். டப்பிங் பார்த்துக்கொண்டிருந்த மணவாளன் என்கிறவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" ஈ.பி.யில் ரீடிங் எடுக்கிறேன் என்றார். "அப்போ தினமும் நூறு கதவு தட்டுவீங்க. ஒரே ஒரு டயலாக். ஆடு பனியில நின்னு கதவைத் தட்டுது, டிங்கிலிய கூப்பிடுது. சும்மா தட்டி, சும்மா கூப்பிடுங்க." பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் தோள் உரச கஸ்தூரி, கையில் பேப்பர், வாயில் சிரிப்பு. எதிரே திரையில் ஆடு நடந்து வருகிறது, கதவுக்கு முன்னால் நிற்கிறது, வாய் திறக்கிறது. "ஏ டிங்கிலி, கதவைத் தொற, குளுருது." இதுதான் சொல்ல வேண்டியது. ஆறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆடு வாயைத் திறந்ததும் இவர் வாயும் திறந்தது, "ஏ கஸ்தூரி, கதவைத் தொற, குளுருது" என்று வந்து விழுந்தது.

டேக் நிற்கவில்லை. அவளும் அவள் பதிலைச் சொன்னாள், அப்புறம்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மேஜையைத் தட்டிச் சிரித்தான், மணவாளன் சிரித்தார், தண்ணீர் கொண்டுவந்தவர் கூடச் சிரித்தார். மறுபடி எடுப்போமா என்று இவர் கேட்டார். "எதுக்கு? லிப் கச்சிதமா உக்காந்துருச்சு, டிங்கிலிக்கும் வாய் மூணு அசைவுதான், கஸ்தூரிக்கும் அதேதான். டயம் இல்ல, விடுங்க, எந்தக் குழந்தை கவனிக்கப் போகுது." காது மடல் சுட்டது, கேரியரைக் கூட அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். அவள் வேலை முடிந்து வருகிறவரை கீழேயே நின்றார், பஸ்ஸில் சேர்ந்து திரும்பும்போது கஸ்தூரி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். எந்தப் படத்து எழுத்துலயும் எம்பேரு வந்ததில்ல, நீங்கதான் ஏத்தி விட்டீங்க, தமிழ்நாடு முழுக்கக் கேக்கப்போவுது என்றாள். அப்புறம் ஒன்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன், கேட்டீங்களா? கேட்டேன் கேட்டேன் என்றார். பொய். அவமானத்தில் ஒன்றுமே காதில் ஏறவில்லை. பேப்பரில் இருந்தது "யாரது, இந்த நேரத்துல?" என்பது, அதை அவர் பார்த்திருக்கிறார், அதைச் சொல்லியிருந்தால் எதற்குக் கேட்கப்போகிறாள். வேறு ஏதோ சொல்லியிருக்கிறாள். டிவியில் வருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார், அன்றைக்குச் சரியாக வீட்டில் ஃபியூஸ் போனது, ஈ.பி.காரன் வீட்டில் வயர் தேடி, சுற்றி, கட்டையைச் சொருகி முடிப்பதற்குள் ஆடு வந்து போய்விட்டது. "போனா போவுது, உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள் அவள். தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் கூட இருந்த இத்தனை வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், அதனால்தான் கேட்கவில்லை.

சரி, வாங்கிவிடலாம். வாங்கி, பிரித்து, பத்தொன்பதைப் போட்டு, ஆடு டிங்கிலி என்று கூப்பிட்டால் புது டப்பிங், கஸ்தூரி என்று கூப்பிட்டால் பழசு, முடிந்தது கதை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. சிங்காரவேலு கண்ணாடித்தாளைக் கட்டைவிரலால் நீவினார், மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, பயந்து கையை எடுத்துக்கொண்டார். ஜெசிந்தா இருக்கிறாள். கஸ்தூரிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது அவளே பிடித்துப் பழக்கிவிட்ட பெண், நல்ல பெண்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள், பேசுவதற்கு முன்னால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு ச்சு கொட்டுவாளே, அதைக்கூடச் சொல்லிக்கொடுத்தாள், அது டிங்கிலியின் பழக்கம் இல்லை, கஸ்தூரியின் பழக்கம். காரியம் முடிந்து பத்தாம் நாளோ என்னவோ போன் வந்தது. எடுத்தார். ச்சு என்றது, "அண்ணே, சாப்டீங்களா?" என்றது. அண்ணே என்றதுகூட மண்டையில் ஏறவில்லை. "எங்கடி போய்த் தொலைஞ்ச நீ?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் ஜெசிந்தா அழுதாள், இவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பயம் இது. முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவளுக்கும் வேறொருத்திக்கும் வித்தியாசம் தெரியாத காது. புது டப்பிங் என்றால் ஜெசிந்தாதான் பேசியிருப்பாள், அவளும் கஸ்தூரி சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பேசியிருப்பாள், ஆட்டுக்குப் பேசினவனும் பழசை ஞாபகம் வைத்துக்கொண்டு கஸ்தூரி என்றே கூப்பிட்டு வைத்திருந்தால்? கஸ்தூரி இந்தப் பெட்டிக்குள் இல்லையா, இல்லாவிட்டால் போகட்டும், இல்லாமல் இருப்பது பழகிவிட்டது. அவள் உள்ளே இருந்து, கூப்பிட்டு, பேசி, இவருக்கு அது அவள்தான் என்று தெரியாமல் போனால் என்ன செய்வது. அதற்கு அப்புறம் மாலை போட்ட படத்துக்கு முன்னால் எப்படி விளக்கேற்றுவது. பிரிக்காமலே இருந்தால் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் அவ்வளவு முட்டாள்கள் இல்லையோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அலுப்பாக இருந்தது. பெங்களூர்க்காரனே எடுத்துக்கொண்டு போகட்டும், எழுந்து மெதுவாகப் படி இறங்கினால் நாலே காலுக்கு பஸ், வீட்டில் ரசம் இருக்கிறது.

எழுந்திருக்கப் போனார், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குள் பிரசன்னா இரண்டு டீயோடு வந்துவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "உக்காருங்க சார், டீ குடிங்க. என்ன முடிவு பண்ணீங்க? பேரப் பசங்களுக்கா?"

"இல்லப்பா. எனக்குத்தான்." டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது, வறண்ட நாக்குக்கு இதமாக இருந்தது. "இதுல தமிழ் பேசினது பழைய ஆளுங்களா, புது ஆளுங்களா?"

"சத்தியமாத் தெரியாது சார். வந்ததே இந்த ஒரு பீஸுதான். பிரிச்சாத்தான் தெரியும், பிரிச்சா இது வெறும் தகர டப்பா." அவன் டீயை ஊதிக்கொண்டே மூடியில் இருந்த அணிலைப் பார்த்தான். "பழசா இருந்தா நானே விட மாட்டேன் சார். ஸ்கூல் விட்டு வந்து பையைக் கூடக் கழட்டாம பாப்போம். புதுசுன்னா அந்த கஸ்தூரி வராது."

சிங்காரவேலு டம்ளரை இறக்கினார். "எந்த கஸ்தூரி?"

"டிங்கிலிதான் சார். உங்களுக்குத் தெரியாதா? அது வெளியிலதான் டிங்கிலி, வீட்டுப் பேரு கஸ்தூரி. ஒரே ஒரு எபிசோடுல அந்தப் பேரு வரும், பனியில ஆட்டுத்தாத்தா வந்து கதவைத் தட்டிக் கூப்பிடுவாரு. இதுக்கு ஸ்கூல்ல சட்டை கிழியற மாதிரி சண்டை, பாத்தவன் பாதி, பாக்காதவன் பாதி. என் தங்கச்சி பொம்மைக்கெல்லாம் கஸ்தூரின்னுதான் பேரு வெச்சா." அவன் சிரித்தான். "எங்கம்மா டிவி பக்கமே வராத ஆளு சார். அன்னிக்கு அடுப்படியில இருந்து கேட்டுட்டு, கையில கரண்டியோட வந்து நின்னுட்டாங்க. இது என்னடா, அணிலு ஆட்டுக்குப் பொண்டாட்டி மாதிரி பதில் சொல்லுதுன்னாங்க."

"என்ன சொல்லிச்சு?" இவருக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை கேட்டார். "அணிலு என்னப்பா சொல்லிச்சு?"

பிரசன்னா தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்த வயசில் இதைச் செய்கிறோமே என்று கொஞ்சம் வெட்கம், ஆனால் பழக்கப்பட்ட ஆள், எத்தனை தடவை செய்து காட்டியிருப்பானோ. நாக்கை மேலே ஒட்டி ச்சு என்றான். குரலை மெல்லிசாக இழுத்து, "தோ வந்துட்டேங்க" என்றான்.

நன்றாக இல்லை. ஆம்பிளைக் கட்டைக் குரல், அணிலும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் அது முடிந்த இடத்திலிருந்து இன்னொன்று ஆரம்பித்தது. மாலை ஆறு மணி, தோளில் ரீடிங் பை, செருப்பெல்லாம் தெருப் புழுதி, இவர் கதவைத் தட்டி "கஸ்தூரி, கதவைத் தொற" என்கிறார், என்றைக்கு அப்படிச் சொல்லாமல் வீட்டுக்குள் போயிருக்கிறார். உள்ளேயிருந்து ச்சு, வந்துட்டான்யா என்கிற மாதிரி ஒரு ச்சு, அப்புறம் அடுப்படியிலிருந்து நடைக்கு வர வரப் பெரிசாகிக்கொண்டே, கடைசியில் ங்க மட்டும் கொஞ்சம் மேலே போய், தாழ்ப்பாள் சத்தத்தோடு சேர்ந்து, "தோ வந்துட்டேங்க." மைக் முன்னால் இவர் தட்டினார், பேர் சொன்னார், அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். இதைத்தான் கேட்டீங்களா என்று கேட்டாள். தினமும் கேட்டிருக்கிறார். ஸ்டுடியோவில் கேட்காவிட்டால் என்ன, வாசலில் நின்று எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். காற்று இல்லை, இவருடைய குரல் இல்லை, ஜெசிந்தா இல்லவே இல்லை, ஜெசிந்தாவுக்கு அந்த ங்க இப்படி ஏறாது, அவள் இந்த வாசலைத் திறந்தவள் இல்லை. சிங்காரவேலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது, டீ சூட்டின் மேல் பழியைப் போட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மேஜை மேல் போன் அடித்தது. பிரசன்னா பார்த்தான். "பெங்களூர்க்காரர் சார். என்ன சொல்லட்டும்?"

"எனக்கு வேணும்னு சொல்லிடு. சொல்லிட்டு இதைப் பிரி. உன்கிட்ட டிவி இருக்குல்ல, பத்தொம்பதைப் போடு."

"சார்." அவன் போனை எடுக்காமல் இவரைப் பார்த்தான். "பிரிச்சுட்டா நான் திருப்பி எடுத்துக்க முடியாது. உள்ள பேசினது வேற யாராவதா இருந்தா?"

அந்த ஆடு நான்தான் என்று சொல்லலாமா என்று இருந்தது. வேண்டாம், ஆடே வந்து கதவைத் தட்டட்டும், அப்புறம் இவன் கேட்டுக்கொள்ளட்டும். மேஜையில் கிடந்த பிளேடை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

"இருந்தா இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சிடும்பா" என்றார்.